தோளில் சுமந்த துடுப்பும் தூற்றுங்கருவியும்: 'அதேரேலொய்கொஸ்' பெயர்ப்பு குறித்த மறுப்பு

கிரேக்க இலக்கியச் செய்திகளைத் தமிழில் எடுத்துரைப்போருள் பெரும்பாலோர் ஆங்கிலத்தின் வழியாகவே கிரேக்கத்தை அணுகுகின்றனர். இவ்வழி பலருக்குத் தவிர்க்கவியலாதது. ஆயினும் இடைமொழியில் நேர்ந்த திரிபையும் மூலத்தின் பொருள் என ஏற்றுக்கொள்வது ஆய்வுநெறி ஆகாது. இதற்குத் தக்க சான்றாக அமைவது ஓர் உழவுக்கருவியின் பெயர். ஹோமரின் ஒடிசியில் இரண்டே இடங்களில் வரும் 'அதேரேலொய்கொஸ்' என்னும் சொல்லை 'முறம்' என்றோ 'சுளகு' என்றோ பெயர்த்தால் போதும் என்னும் கருத்து தமிழ்ச் சூழலில் எளிதாக ஏற்கப்படுகிறது. அக்கருத்து பிழையானது என்பதும், அப்பிழை ஒரு சொல்லோடு நில்லாமல் ஒரு காப்பியக் காட்சியையே அழித்துவிடுகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

சொல் வரும் இடம்

ஒடிசியின் 11ஆம் படலத்தில், இறந்தோர் உலகின் எல்லையில் தெய்ரேசியஸ் என்னும் குறிசொல்லி ஒடிசியஸுக்கு வருவது உரைக்கிறான். வீடு திரும்பி, மனைவியை மணம்பேச வந்து வீட்டை அழிக்கும் கூட்டத்தாரைக் கொன்ற பின்னரும் அவனுடைய அலைச்சல் முடிவதில்லை. பொருத்தமான துடுப்பு ஒன்றைத் தோளில் ஏந்தி, கடலையே அறியாத, உப்புக் கலந்த உணவை உண்ணாத, கப்பலையும் துடுப்பையும் கண்டிராத மக்களின் நாட்டை அடையும்வரை அவன் உள்நாடு நோக்கி நடத்தல் வேண்டும். அந்நாட்டை அடைந்ததற்கு அடையாளம் ஒன்றும் கூறப்படுகிறது. எதிர்ப்படும் வழிப்போக்கன் ஒருவன், ஒடிசியஸ் தோளில் சுமப்பது 'அதேரேலொய்கொஸ்' என்பான். அவ்விடத்திலேயே துடுப்பை நிலத்தில் நட்டு, கடற்கடவுள் பொசைடனுக்கு ஆட்டுக்கிடா, காளை, பன்றி ஆகியவற்றைப் பலியிடல் வேண்டும். அதன்பின்னரே வீட்டில் அமைதி வாய்க்கும். இச்சொல் 128ஆம் அடியில் வருகிறது. 23ஆம் படலத்தில் ஒடிசியஸ் இக்குறியைப் பெனலோபிக்கு எடுத்துரைக்கும்போது 275ஆம் அடியில் மீண்டும் வருகிறது. ஹோமரில் வேறெங்கும் இல்லை.

இப்பகுதியின் உயிர்நிலை ஒரு பிழைகாணல் ஆகும். கடலறியாதவன் துடுப்பைக் கண்டு, தான் அறிந்த களத்துக் கருவி என மயங்குகிறான். மயக்கம் நிகழ வேண்டுமெனில் இரு பொருள்களும் தோற்றத்தில் ஒத்திருத்தல் வேண்டும். நீண்ட காம்பும் நுனியில் அகன்ற தட்டைப் பலகையும் உடையது துடுப்பு. அதனைத் தோளில் சாய்த்துச் செல்பவனைப் பார்த்து, 'இவன் முறம் சுமக்கிறான்' என எவரும் மயங்கார். ஆகவே அச்சொல்லை முறம் எனப் பெயர்க்கும் கணமே குறியின் அறிவு குலைந்துவிடுகிறது. வழிப்போக்கன் கடலறியாதவனாக அன்றிக் கண்ணறியாதவனாக மாறிவிடுகிறான்.

சொல்லின் அமைப்பு

'அதேர்' என்பது கதிரின் கூர். அதன் வழிப் பதரையும் குறிக்கும். 'லொய்கொஸ்' என்பது அழிவு. எனவே 'பதருக்கு அழிவாவது' என்பதே சொற்பொருள். இவ்வாறு ஆகும் தொகைச்சொல் ஹோமருக்குப் புதிதன்று. இலியடில் போர்க்கடவுள் ஆரீஸுக்கு 'மாந்தரை அழிப்பவன்' என்னும் பொருளுடைய 'ப்ரொதொலொய்கொஸ்' என்னும் அடைமொழி இதே உறுப்பால் ஆக்கப்பட்டுள்ளது. களத்துக் கருவி ஒன்றுக்குப் போர்க்கடவுளின் அடைமொழி அமைப்பில் பெயர் சூட்டப்பட்டிருப்பது கருதத்தக்கது.

பொருளை நேரே கூறாது செயலால் குறிப்பது விடுகதையின் இயல்பு. குறிமொழியின் இயல்பும் அதுவே. வழக்கிலிருந்த எளிய சொல் 'ப்துயொன்' என்பது. அதனை ஹோமர் அறியாதவர் அல்லர், இலியடில் கையாண்டுள்ளார். எனினும் குறிசொல்லி வழிப்போக்கனின் வாயில் வைக்கும் சொல் வழக்குச்சொல் அன்று. சோபோக்ளீஸின் முழுமையாகக் கிடைக்காத நாடகம் ஒன்றின் எச்சப்பகுதியும் இதே குறியை நினைவூட்டி, தோளில் சுமக்கும் 'பதர் தின்னும் கருவி' என்றே சுற்றிவளைத்துக் கூறுகிறது. இச்சொல் புதிர்த்தன்மை உடையது என்பதற்கு இதுவும் துணைநிற்கும்.

சொற்பிறப்பு கருவியின் வேலையைக் கூறுகிறதேயன்றி வடிவத்தைக் கூறவில்லை என்பது உண்மை. 'பதரை அகற்றுவது முறமும் அன்றோ' என்னும் வினா இங்கிருந்தே எழுகிறது. வடிவத்தை அறிய வேறு சான்றுகளை நாடுதல் வேண்டும். அவை குறைவாக இல்லை.

இரு கருவிகள், இரு செயல்கள்

கிரேக்கர் பதர் பிரிக்கும் கருவிகளைத் தெளிவாக வேறுபடுத்தி வழங்கினர். 'ப்துயொன்' என்பது நெடிய காம்புடைய அகன்ற மரப்பலகைக் கருவி. 'த்ரினாக்ஸ்' என்பது மூன்று கவர்களையுடைய கவைக்கோல், கி.மு. 421இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் 'அமைதி' நாடகம் இதனைக் குறிப்பிடுகிறது. 'லிக்னொன்' என்பது பின்னப்பட்ட, ஒருபக்கம் திறந்த ஆழமற்ற கூடை. தமிழ்நாட்டு முறத்தோடு ஒப்பிடத்தக்கது இம்மூன்றாவது கருவியே.

இலியடின் 13ஆம் படலத்தில் ஹெலெனஸ் எய்த அம்பு மெனலாவோஸின் மார்புக்கவசத்தில் பட்டுத் தெறிக்கிறது. அதற்கு உவமையாக, பெரிய களத்தில் அகன்ற ப்துயொனிலிருந்து காற்றின் ஓசையிலும் தூற்றுவோன் வீச்சிலும் கருநிற மொச்சையும் கடலையும் துள்ளிப் பறப்பது காட்டப்படுகிறது. இவ்வுவமையில் மூன்று செய்திகள் உள்ளன. கருவி அகன்றது, செயல் காற்றை நம்பியது, தானியம் மேல்நோக்கி வீசப்படுகிறது. மடியருகே ஏந்திப் புடைக்கும் முறத்திற்கு இம்மூன்றனுள் இறுதி இரண்டும் பொருந்தா. 5ஆம் படலத்து உவமை ஒன்றிலும் காற்று பதரைக் கொண்டுசெல்ல, பதர்க்குவியல் வெண்ணிறம் அடைவது கூறப்படுகிறது. தூற்றுதலைப் பற்றி உரையாடும் செனஃபோனின் வேளாண் நூற்பகுதியும் காற்றின் எப்பக்கத்தில் தொடங்குவது என்னும் வினாவையே முதன்மைப்படுத்துகிறது.

தியோக்ரிடஸின் 7ஆம் பாடல் இவ்வழக்கில் முடிவான சான்றை வழங்குகிறது. அறுவடை விழாவைப் பாடும் அப்பாடலின் இறுதியில், தானியக் குவியலின்மேல் பெரிய ப்துயொனை மீண்டும் நடும் பேறு வேண்டப்படுகிறது. வேலை முடிந்ததும் கருவியைக் குவியலில் நட்டு நிறுத்துவது உழவரின் வழக்கம் என்பது இதனால் புலனாகும். நடுதலைக் குறிக்க அங்கு வரும் வினையும், ஒடிசியஸ் துடுப்பை நிலத்தில் நட வேண்டும் என்னுமிடத்தில் வரும் வினையும் ஒன்றே. 11ஆம் படலத்திலேயே, இறந்துபட்ட தோழன் எல்பினோர் தன் புதைமேட்டின்மேல் தான் வலித்த துடுப்பை நடுமாறு வேண்டும்போதும் அவ்வினையே வருகிறது. கடலோடியின் உழைப்பு முடிந்தால் துடுப்பு நடப்படும். உழவனின் உழைப்பு முடிந்தால் தூற்றும் பலகை நடப்படும். ஒடிசியஸ் துடுப்பை நடும்போது இவ்விரண்டும் ஒரு செயலில் கூடுகின்றன. கடலில் துடுப்பாகவும் நிலத்தில் களத்துக் கருவியாகவும் காணப்படும் அப்பொருள், அவன் அலைச்சல் ஓய்ந்தமையைக் காட்டும் நடுகுறி ஆகிறது. முறத்தைக் குவியலின்மேல் வைக்கலாம், கவிழ்க்கலாம், நட இயலாது.

லிக்னொனுக்கு வேறு உலகம் உண்டு. ஹெர்மீஸைப் போற்றும் ஹோமரியப் பாடலில் குழந்தைக் கடவுள் கிடப்பது லிக்னொனில். காலிமக்கஸின் பாடலில் குழந்தை சியூஸ் பொன் லிக்னொனில் கிடத்தப்படுகிறான். டயொனைசஸுக்கு இதனடியாகவே 'லிக்னைடீஸ்' என்னும் பெயரும் உண்டு. அதேரேலொய்கொஸையும் லிக்னொனையும் ஒருசேர 'முறம்' எனப் பெயர்ப்போர், தோளில் சாய்க்கும் கருவியையும் குழந்தையைக் கிடத்தும் கூடையையும் ஒன்றாக்கிவிடுகின்றனர். கிரேக்கர் இரண்டாகக் கண்டதைத் தமிழில் ஒன்றாகக் காட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இவ்வேறுபாடு புதிதாகக் கண்டறியப்பட்டதும் அன்று. ஜேன் ஹாரிசன் 1903, 1904 ஆம் ஆண்டுகளில் ஹெலனிய ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரைகளில், பலகைக் கருவியையும் கூடைக் கருவியையும் வேறு பிரித்து விளக்கியுள்ளார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அவ்விளக்கம் தமிழ் ஆய்வுலகில் பயன்கொள்ளப்படாமை வருந்தத்தக்கது.

திரிபு புகுந்த வழி

பிழையின் ஊற்று கிரேக்கத்தில் இல்லை, ஆங்கிலத்தில் உள்ளது. இலத்தீன் மொழியும் கிரேக்கத்தைப் போன்றே இரு கருவிகளை இரு சொற்களால் குறித்தது. பலகைக் கருவி 'வென்டிலாப்ரம்'. கூடைக் கருவி 'வன்னுஸ்'. முன்னதன் பெயரிலேயே காற்று உள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டினரான கொலுமெல்லா தம் வேளாண் நூலில், காற்றால் தானியத்தைப் பிரிக்க வேண்டும் என்றும், காற்று அடங்கிக்கிடக்கும் நாட்களில் வன்னுஸால் தூய்மை செய்ய வேண்டும் என்றும் கூறுகிறார். காற்றில்லாதபோது கைக்கொள்ளும் மாற்றுக்கருவியே வன்னுஸ் என்பது இதனால் பெறப்படும்.

இந்த 'வன்னுஸ்' என்னும் சொல்லே பழைய ஆங்கிலத்தில் புகுந்து 'ஃபேன்' ஆயிற்று. வர்ஜிலின் வேளாண் காப்பியத்தில் மறைச்சடங்குக்குரிய வன்னுஸ் இடம்பெற்றிருந்தமையால், கற்றோரிடையே அக்கூடைக்குப் பெரும்புகழும் இருந்தது. மத்தேயு 3:12, லூக்கா 3:17 ஆகிய இடங்களில் கிரேக்க மூலம் 'ப்துயொன்' என்கிறது. ஜெரோமின் இலத்தீன் விவிலியம் 'வென்டிலாப்ரம்' எனச் சரியாகவே பெயர்த்தது. லூத்தர் செருமன் மொழியில் வீசுபலகை எனப் பொருள்படும் சொல்லை வைத்தார். 1611இன் ஆங்கில விவிலியமோ 'ஃபேன்' என்றது. இலத்தீன் விவிலியம் கவனமாக விலக்கிய வன்னுஸின் வழித்தோன்றலை ஆங்கிலம் அவ்விடத்திலேயே கொண்டுவந்து வைத்தது. 1946இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாட்டுப் பதிப்பு தூற்றும் கவைக்கோல் எனப் பொருள்படும் சொல்லுக்கு மாறிற்று. எனினும் பழைய சொல்லின் செல்வாக்கு இலக்கிய மொழிபெயர்ப்புகளில் குறையவில்லை. ஒடிசியை உரைநடையில் பெயர்த்த புட்சர்–லாங் இணையர் 1879இலும், மரே 1919இலும் 'வின்னோயிங் ஃபேன்' என்னும் தொடரையே ஆண்டனர். சாமுவேல் பட்லர் 1900இல் மண்வாரி போன்ற தூற்றுங்கருவியைக் குறிக்கும் 'ஷவல்' என்னும் சொல்லைப் பெய்து இதனின்று விலகினார்.

ஆங்கில–தமிழ் அகராதி வழக்கில் 'வின்னோயிங் ஃபேன்' என்பதற்கு முறம், சுளகு என்னும் சொற்களே நேர்நிற்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு அவை பொருந்துவனவே. ஏனெனில் ஃபேன் என்பதன் மூலமாகிய வன்னுஸ் முறம் போன்றதே. ஆங்கிலத்திற்குச் சரியான தமிழ்ச்சொல் கிரேக்கத்திற்குப் பிழையான தமிழ்ச்சொல்லாக முடிந்தது இவ்வாறுதான். ஒவ்வொரு படியிலும் அகராதி சரியாகவே உள்ளது. படிகளின் முடிவில் கருவி மாறிவிடுகிறது.

தமிழ் விவிலியப் பெயர்ப்புகள்

இச்சிக்கல் தமிழில் நேரடியாக வெளிப்படுவது விவிலியத்தில். சீர்திருத்தச் சபையாரிடையே நெடுங்காலமாக வழங்கும் பெயர்ப்பு, ப்துயொனுக்குத் 'தூற்றுக்கூடை' என்னும் சொல்லைத் தருகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொதுமொழிபெயர்ப்பு 'சுளகு' என்கிறது. பின்னது தமிழ்நடையில் எளியது, இனியது. ஆயினும் மூலத்திற்கு நெருக்கமானது முன்னதே என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

காரணம் தமிழின் வினைச்சொற்களிலேயே உள்ளது. முறத்தில் இட்டு எற்றியும் தட்டியும் பதர் நீக்குவது புடைத்தல். அசைத்து ஒதுக்கிப் பிரிப்பது கொழித்தல். நொய்யும் மணியும் பிரியத் தூய்மை செய்வது தெள்ளுதல். காற்றில் விட்டுப் பதரைப் பறக்கச் செய்வது தூற்றுதல். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்னும் பழமொழி காற்றுக்கும் தூற்றுதலுக்கும் உள்ள பிரிக்கவியலா உறவைக் காட்டும். காற்றுள்ளபோதே புடைத்துக்கொள் என எவரும் கூறுவதில்லை. 'தூற்றுக்கூடை' என்னும் சொல் வடிவத்தில் பிழைபட்டாலும் செயலைக் காப்பாற்றியது. 'சுளகு' வடிவம், செயல் இரண்டையும் இழந்தது. புதிய பெயர்ப்பு எப்போதும் மூலத்திற்கு அணுக்கமாகும் என்னும் எண்ணத்தை இவ்விடம் பொய்ப்பிக்கிறது.

மறுப்புகளுக்கு விடை

இங்குக் கூறியவற்றிற்கு எதிராக நான்கு கருத்துகள் எழக்கூடும்.

முதலாவது, நிகர்விளைவுப் பெயர்ப்புக் கொள்கை. யூஜின் நைடா 1964இல் விரிவாக முன்வைத்த இக்கொள்கையின்படி, மூலநூல் தன் வாசகரிடம் எழுப்பிய விளைவைப் பெயர்ப்பும் எழுப்பினால் போதும். தமிழ் வாசகர் அறிந்தது சுளகு. எனவே சுளகே தகும் என்பர். இக்கொள்கையே சுளகை மறுக்கிறது. மத்தேயுவில் காட்டப்படுவது திறந்த களம், காற்று, அறுவடையின் இறுதி, திரும்பப்பெற முடியாத பிரிப்பு. தமிழ் வாசகர் மனத்தில் சுளகு எழுப்புவது வீட்டு முற்றம், அன்றாடச் சமையல், மகளிர் கைத்தொழில். மூலத்தின் தீர்ப்புக்காட்சி வீட்டுவேலைக் காட்சியாகச் சுருங்குகிறது. ஒடிசியிலோ விளைவே தோற்ற ஒப்புமையை நம்பியுள்ளது. அதனை நீக்கிய பின் நிகர்விளைவு பற்றிப் பேச ஒன்றும் எஞ்சாது.

இரண்டாவது, தமிழ்நாட்டுக் களங்களிலும் முறத்தை உயர ஏந்தித் தூற்றுவது உண்டு என்பது. உண்மையே. ஆனால் அங்குத் தானியம் உயரத்திலிருந்து கீழே சொரியப்படுகிறது. ப்துயொனிலோ கீழிருந்து மேலே வீசப்படுகிறது. இலியட் உவமையில் மொச்சை துள்ளுவதும் அம்பு தெறிப்பதும் ஒத்துவருவது மேல்வீச்சினால்தான். சொரியும் முறத்தைக் கொண்டு தெறிக்கும் அம்பை விளக்க இயலாது.

மூன்றாவது, தூற்றுதலைக் குறிக்கும் கிரேக்க வினை 'லிக்மாவோ' என்பது லிக்னொனோடு உறவுடையதாதலின், கூடையே அடிப்படைக் கருவி என்பது. வேர் உறவு கருவியை உறுதிசெய்யாது. மேற்காட்டிய இலியட் உவமையில் தூற்றுவோன் 'லிக்மேதேர்' என அவ்வினையடியாகவே அழைக்கப்படுகிறான். அவன் கையில் உள்ளதோ ப்துயொன். ஒரே தொடரில் வேர்ச்சொல்லும் கருவிச்சொல்லும் பிரிந்து நிற்கும்போது, வேரைக் கொண்டு கருவியை மாற்றுவது சான்றுக்கு எதிரான ஊகமாகும்.

நான்காவது, ப்துயொன் தூற்றுவதற்கே உரியதன்று என்னும் கருத்து. இராபர்ட் வெப் 1991இல் எழுதிய கட்டுரையில், நற்செய்திப் பகுதியில் தூற்றுதல் முன்பே முடிந்துவிட்டது என்றும், பிரிந்து கிடக்கும் கோதுமையையும் பதரையும் வாரிக் களத்தைத் தூய்மை செய்யவே ப்துயொன் கையில் உள்ளது என்றும் வாதிட்டார். இவ்வாதத்தை முழுமையாக ஏற்பினும் சுளகுக்கு அதனால் வலிமை சேராது. களம் முழுவதையும் வாரி ஒதுக்க நெடுங்காம்புப் பலகை உதவும், சுளகு உதவாது. கருத்து வேறுபாடு கருவியின் பயனைப் பற்றியதேயன்றி வடிவத்தைப் பற்றியதன்று.

பெயர்ப்புக்குரிய சொற்கள்

மறுப்பதோடு நில்லாமல் மாற்று வழங்குதல் முறையாகும். லிக்னொனுக்கு முறம், சுளகு என்பன முற்றும் பொருந்தும். த்ரினாக்ஸுக்கு 'முக்கவைக்கோல்' எனலாம். ப்துயொனுக்குத் 'தூற்றுப்பலகை' தகும்; முதன்முறை வரும்போது 'நெடுங்காம்புத் தூற்றுப்பலகை' என விரித்தல் நலம். ஒடிசியின் புதிர்ச்சொல்லுக்கு இவ்வழக்குச்சொல்லை இடாது, 'பதரழிப்பான்' போன்ற ஆக்கச்சொல்லை அமைத்து, அது தூற்றுப்பலகையைக் குறிக்கும் எனக் குறிப்புரையில் சுட்டுதல் வேண்டும். 'பதர்க்கொல்லி' என்பது நேர்பொருள் தரினும், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்னும் இக்கால வழக்கால் மருந்துப்பெயர் போலத் தோன்றும், அது விலக்கத்தக்கது.

தமிழில் 'துடுப்பு' என்னும் சொல் படகு வலிக்கும் துடுப்பையும் அடுக்களையில் கிண்டும் தட்டைக்கோலையும் ஒருங்கே குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது. தொழில் வேறாயினும் வடிவொப்புமையால் ஒரே பெயர் அமைந்தது. கடற்கருவியில் வீட்டுக்கருவியைக் காணும் கண் தமிழுக்கு உண்டு. வடிவம் காக்கப்படின், வழிப்போக்கனின் மயக்கம் தமிழ் வாசகருக்குக் குறிப்புரை இன்றியும் விளங்கும்.

முடிவு

க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது முதல், சங்கப் பாடல்களையும் ஹோமரையும் ஒப்பிடும் ஆய்வு தமிழ்த்துறைகளில் நிலைபெற்றுள்ளது. 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்ட பின், கிரேக்கத்தோடு தமிழை ஒருநிரையில் வைத்துப் பேசும் எழுத்துகளும் பெருகின. ஒருநிரையில் வைப்பதற்கு இரு பக்கத்தையும் ஒரே கண்டிப்போடு கற்றல் முன்நிபந்தனை. சங்கப் பாடலில் ஒரு கருவியின் பெயர் வருமாயின், உரை, பாடவேறுபாடு, வட்டார வழக்கு, தொல்பொருள் என நான்கு வழியிலும் அதனைத் தேர்ந்து பொருள் காண்கின்றனர் தமிழறிஞர். கிரேக்கச் சொல்லுக்கு மட்டும் ஆங்கில அகராதியின் ஒரு வரி போதும் எனக் கொள்வது ஒப்பாய்வு ஆகாது. ஒரு தட்டில் நெல்லும் மறு தட்டில் பதரும் வைத்து நிறுப்பதற்கு ஒப்பாகும்.

கருவிப்பெயருக்குப் பொருள் காண்போர் நான்கு வினாக்களுக்கு விடை தேடல் வேண்டும்: அதனை எங்ஙனம் ஏந்தினர், எவ்விடத்தில் பயன்படுத்தினர், எந்த ஆற்றலை நம்பினர், வேலை முடிந்தபின் என்செய்தனர். அதேரேலொய்கொஸ் தோளில் ஏந்தப்பட்டது, களத்துக்குரியது, காற்றை நம்பியது, அதன் வழக்குப்பெயராகிய ப்துயொன் குவியலில் நடப்பட்டது. இந்நான்கு விடைகளும் ஒரே கருவியையே சுட்டுகின்றன. அது முறம் அன்று.